விட்டுப்போன நாள்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வயது 34. ஜனவரி 1 அன்று ஐந்து தீர்மானங்கள் எடுத்தேன்: காலை ஐந்து மணிக்கு எழுவது, அரை மணி நேர நடை, தினம் இருபது பக்கம் வாசிப்பு, இரவில் டைரி, சர்க்கரை இல்லாத டீ. 21 நாள் தாண்டினால் பழக்கமாகிவிடும் என்றார்கள். 12 நாள் பிசகாமல் போனது. பொங்கலுக்கு ஊருக்குப் போன இடத்தில் நான்கு நாளும் ஒன்றும் நடக்கவில்லை. திரும்பி வந்து பார்த்தால், விடாமல் செய்த நாட்களை எண்ணும் கைபேசிச் செயலி ‘0’ என்று காட்டியது. அதோடு எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். நான்கு வருடமாக இதே கதை. எனக்கு மன உறுதி இல்லையா?

செ.

அன்புள்ள செ.,

முதலில் அந்த 21 நாள். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், முகத்தில் அறுவை செய்துகொண்டவர்களுக்குப் புது முகம் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று 1960-இல் எழுதினார். மூக்கு பழகுவதைப் பற்றிச் சொன்னது அது. வாய்க்கு வாய் மாறியதில் ‘குறைந்தது’ உதிர்ந்துபோய், நடைக்கும் டைரிக்கும் அதுவே சட்டமாகிவிட்டது.

இதை உண்மையாகவே அளந்து பார்த்தவர்கள் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள். ஆய்வு 2010-இல் அச்சானது. 96 பேர், 12 வாரம். ‘மதியச் சாப்பாட்டோடு ஒரு பழம்’ என்பது போல, தினம் நடக்கும் ஏதாவது ஒன்றோடு ஒட்டிய ஒரு பழக்கத்தை ஆளுக்கொன்றாகத் தேர்ந்தெடுத்தார்கள். கவனியுங்கள், ஆளுக்கு ஒன்றுதான். யோசிக்காமலே கை அதற்குப் போகும் நிலை வர, நடுவாக 66 நாள் பிடித்தது. மிக வேகமாகப் பழகியவருக்கு 18 நாளே போதுமாக இருந்தது. ஒருவருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கிட்டார்கள் (ஆய்வே 84 நாள்தான், எனவே அது கணித்துச் சொன்னது). உடற்பயிற்சி, சாப்பாட்டுப் பழக்கங்களைவிடத் தாமதமாகவே படிந்தது. உங்களுக்கு வேண்டிய செய்தி இன்னொன்று. இடையில் ஒரு நாள் விட்டவர்களுக்கு அதனால் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை. உங்கள் செயலிக்கு இது தெரியாது.

நானும் இப்படி விழுந்தவன்தான். ஒரு தை மாதம் கோடு போட்ட நோட்டு வாங்கி, ஸ்கேல் வைத்து ஒன்பது கட்டம் அடித்தேன். தியானம் முதல் வடமொழிப் பாடம் வரை. நான்கு நாள் டிக் விழுந்தது. ஐந்தாம் நாளிலிருந்து அது பால் கணக்கு நோட்டு. அந்த வேலையை ஆறு மாதம் ஒழுங்காகச் செய்தது.

அப்புறம்தான் என் வீட்டிலேயே ஐம்பது வருடமாக ஒரு காரியம் தினம் நடப்பதைப் பார்த்தேன். அம்மாவின் கோலம். அவர் அதைப் பழக்கம் என்றோ பயிற்சி என்றோ சொன்னதில்லை. வாசல் பெருக்கித் தண்ணீர் தெளித்துவிட்டால் ஈரத் தரை காத்திருக்கும், குனிந்துவிடுவார். கோலத்துக்கென்று தனியாக ஓர் உறுதி வேண்டியிருக்கவில்லை. வாசல் தெளித்ததே அவரைக் கோலத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். மார்கழியில் தெருவை அடைத்துப் புள்ளி வைப்பார். எங்களுக்குக் காய்ச்சல் என்றாலோ ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்றாலோ நான்கே இழுப்பு, நின்ற வாக்கில். அதுவும் கோலம்தான். ‘இன்று சின்னதாகப் போட்டுவிட்டேனே’ என்று அவர் வருந்தி நான் பார்க்கவில்லை.

தாத்தா இறந்தபோது காரியம் முடியும்வரை எங்கள் வாசலில் கோலம் இல்லை. எல்லாம் கழுவி முடிந்த மறுநாள் காலை எழுந்து வந்து பார்த்தால், கோலம் இருந்தது. பதினாறு நாள் விட்டுப்போனதே, பழக்கம் அறுந்ததே, முதல் நாளிலிருந்து எண்ண வேண்டுமே என்றெல்லாம் அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. மாவு டப்பா இருந்த இடத்திலேயே இருந்தது.

டைரி எழுதப் பார்த்தேன் என்கிறீர்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸின் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளரும் வணிகத் தரகருமாக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1736-இல் தொடங்கி, அவர் கண்ணை மூடிய 1761 ஜனவரி வரை வருகிறது. கால் நூற்றாண்டு! கேட்டாலே நமக்குக் குற்றவுணர்ச்சி வரும். ஆனால் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பின் 12 தொகுதிகளை வரிசையாகப் பாருங்கள். முதல் பத்து வருடம் முழுவதும் ஒரே தொகுதியில் அடங்கிவிடுகிறது. மிச்சப் பதினைந்து வருடத்துக்கு 11 தொகுதி. ஆரம்பத்தில் அவரும் விட்டு விட்டுத்தான் எழுதியிருக்கிறார். 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் மதராஸைப் பிடித்த சமயத்திலிருந்து பக்கங்கள் கனக்கின்றன. செயலி எதுவும் அவருக்கு ‘0’ காட்டவில்லை, நம் அதிர்ஷ்டம்.

சரி, உங்கள் ஐந்து தீர்மானங்கள். ஐந்து மணிக்கு எழுவதை அடித்துவிடுங்கள். கணக்கு முடிக்கிற மாதக் கடைசியில் நீங்கள் எத்தனை மணிக்கு வீடு திரும்புவீர்கள் என்பது உங்களுக்கே தெரியாது. தூக்கத்தில் கடன் வாங்கி நடக்கப் போக வேண்டாம். நடையும் வாசிப்பும் கொஞ்ச நாள் காத்திருக்கட்டும். சர்க்கரையை டீக்கடை மாஸ்டரிடம் விட்டுவிடலாம். ஒரு வாரம் விடாமல் ‘சர்க்கரை இல்லாம’ என்று சொல்லுங்கள், எட்டாம் நாள் உங்கள் தலையைப் பார்த்ததுமே அவர் கை சர்க்கரைப் பக்கம் போகாது. பழக்கத்தைப் பிறர் கையிலும் வைக்கலாம் என்பது எனக்குத் தாமதமாகப் புரிந்தது.

மிச்சம் டைரி. ராத்திரி கைபேசியைச் சார்ஜில் போடுவீர்கள் இல்லையா? அந்தப் பிளக்குக்குப் பக்கத்திலேயே நோட்டும் பேனாவும் இருக்கட்டும். ஒயரைச் செருகியதும் இரண்டு வரி. பெரிதாக எதுவும் வேண்டாம், ‘இன்று மழை, டிஸ்பாட்ச் லேட்’ போதும். எழுத நிறைய இருக்கும் நாளில் பக்கம் தானாக நிரம்பும்.

வருகிற பொங்கலுக்கும் ஊருக்குப் போவீர்கள். நோட்டை எடுத்துப்போக மறந்துவிடுவீர்கள், நிச்சயம். அங்கே ஏதாவது கல்யாணப் பத்திரிகை கிடக்கும், அதன் பின்பக்கத்தில் எழுதி மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். அதுவும் முடியவில்லையா, கரும்பு கடியுங்கள். திரும்பி வந்த ராத்திரி சார்ஜரைச் செருகத்தானே போகிறீர்கள்.