மலையில் ஓடுமா ஆன்லைன் ஸ்கூட்டர்?

வாசகர் கேள்வி – வண்டிப் பக்கம்

கோத்தகிரியில் இருக்கிறோம். புது 125 சிசி ஸ்கூட்டரை ஆன்லைனில் புக் செய்தால் உள்ளூர் ஷோரூமைவிட நாலாயிரம் ரூபாய் குறைகிறது. டெலிவரி மட்டும் கோவை டீலரிடம். வாங்கலாமா? நீலகிரியின் டிஎன் 43 நம்பர் கிடைக்குமா?

வாங்கலாம். ஆனால் அந்த நாலாயிரம் உண்மையிலேயே குறைகிறதா என்பதை முதலில் பாருங்கள். ஆன்லைனில் பெரிய எழுத்தில் போடுவது எக்ஸ்-ஷோரூம் விலை. அதன்மேல் ஆயுள் வரி வரும். தமிழ்நாட்டில் ஒரு லட்சம் வரையிலான இருசக்கர வாகனத்துக்கு 10 சதவீதம், ஒரு லட்சத்தைத் தாண்டினால் 12 சதவீதம். வண்டி விலை அந்தக் கோட்டைக் கொஞ்சமே தாண்டினாலும் வரி சட்டென்று எகிறும் என்பதால், மேல் வேரியன்ட் எடுக்குமுன் கணக்குப் போடுங்கள். அடுத்தது இன்சூரன்ஸ். புது இருசக்கர வாகனத்துக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீடு 2018 செப்டம்பரிலிருந்து கட்டாயம். ஓன் டேமேஜ் (நம் வண்டிக்கே ஆகும் சேதம்) பகுதியை மட்டும் ஒரு வருடத்துக்கு, நீங்கள் விரும்பும் கம்பெனியில் எடுக்கலாம். ‘ஹேண்ட்லிங்’, ‘லாஜிஸ்டிக்ஸ்’ என்று பில்லில் ஒரு வரி இருந்தால், அது எதற்கு என்று எழுத்தில் கேளுங்கள். கேட்டாலே பல இடங்களில் அந்த வரி காணாமல் போய்விடும். 350 சிசி வரையிலான வண்டிகளின் ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முந்தைய விலையை வைத்துக்கொண்டு ‘தள்ளுபடி’ காட்டுகிறார்களா என்றும் பாருங்கள்.

நம்பர் விஷயம். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, மாநிலத்துக்குள் எந்தப் பதிவு அலுவலகத்திலும் புது வண்டியைப் பதியச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் டீலர் தனக்குப் பழகிய கோவை அலுவலகத்திலேயே முடிக்கப் பார்ப்பார். மலையில் இது வெறும் பெருமைக்கான விஷயம் அல்ல. 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் நடைமுறை இருக்கிறது. உள்ளூர்ப் பதிவெண் இருந்தால் சோதனைச் சாவடியில் பேச்சே இல்லை. ஆகவே முன்பணம் கட்டுமுன்னே ‘டிஎன் 43-ல் பதிந்து தரவேண்டும்’ என்று மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ ஒப்புக்கொள்ள வையுங்கள்.

மீதிப் பணத்தைக் கட்டுமுன் சேஸிஸ் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். வண்டியில் பொறித்திருக்கும் 17 எழுத்து-எண்களும், படிவம் 21 (விற்பனைச் சான்று), படிவம் 22 (சாலைத் தகுதிச் சான்று), இன்சூரன்ஸ் மூன்றிலும் இருப்பதும் ஒன்றாக இருக்கவேண்டும். தயாரித்த மாதத்தையும் பாருங்கள். ஆறேழு மாதம் குடோனில் நின்ற வண்டிக்குத்தான் பெரும்பாலும் ஆன்லைன் சலுகை வரும். நின்ற வண்டியில் பேட்டரி சோர்ந்திருக்கும், டயரில் காற்று இறங்கியிருக்கும். பேட்டரியை மாற்றித் தரச் சொல்லுங்கள். பதிவும் உயர்பாதுகாப்பு நம்பர் பிளேட்டும் இல்லாமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.

முதல் நாளே மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேற்றுவதில் தவறில்லை. பின்னால் ஆளோ மூட்டையோ வேண்டாம். ஆக்ஸிலரேட்டரை முழுதாக முறுக்கிப் பிடித்தபடியே ஏறாதீர்கள், பாதி வழியில் பத்து நிமிடம் நிறுத்துங்கள். முதல் சர்வீஸை அந்தக் கம்பெனியின் எந்த அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரிலும் செய்யலாம், அதற்காகக் கோவைக்கு இறங்க வேண்டியதில்லை. ஆனால் பக்கத்துச் சர்வீஸ் சென்டர் எங்கே என்று பார்த்துவிட்டுத்தான் மாடலையே முடிவு செய்யவேண்டும். நாலாயிரம் மிச்சம் பிடித்து, ஒவ்வொரு சர்வீஸுக்கும் ஒரு நாள் கூலியை விடுவது லாபமில்லை.

குன்னூர். பழைய ஸ்கூட்டர்களை ஆன்லைனில் விற்கும் கோவை டீலர் ‘நூற்றுக்கு மேற்பட்ட சோதனைகள் செய்தது’ என்று ரிப்போர்ட் தருகிறார். ஏழு நாளுக்குள் திருப்பித் தரலாமாம். அந்த ஏழு நாளில் நாங்கள் எதைப் பார்க்கவேண்டும்?

அந்த ரிப்போர்ட் பொய் என்று சொல்லமாட்டோம். ஆனால் சோதனை நடந்தது சமவெளியில். மலையில் தெரியும் கோளாறு அங்கே தெரியாது.

முதலில், திருப்பித் தரும் நிபந்தனையில் கிலோமீட்டர் வரம்பு இருக்கும், படித்துப் பாருங்கள். கோவையிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்தாலே வரம்பில் ஒரு பங்கு தீர்ந்துவிடும். வேனில் ஏற்றி அனுப்பச் சொல்லுங்கள். வண்டி வந்ததும் சைலன்ஸரைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், கொண்டு வந்தவர் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து பார்த்திருக்கிறார் என்று அர்த்தம். மறுநாள் காலைக் குளிரில், ராத்திரி முழுக்க வெளியே நின்ற வண்டியை நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். ஸ்டார்ட் செய்யுமுன் பேட்டரியில் மல்டிமீட்டர் 12.4 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் பேட்டரியில் சார்ஜ் இறங்கியிருக்கிறது. எஞ்சின் ஓடும்போது கொஞ்சம் முறுக்கினால் 13.5-லிருந்து 14.5 வரை வரவேண்டும். வராவிட்டால் சார்ஜிங்கில் கோளாறு.

அடுத்தது ஏற்றம். இதுதான் தலையாய சோதனை. பின்னால் ஒருவரை உட்காரவைத்து, உங்கள் தெருவிலேயே செங்குத்தான இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து கிளப்புங்கள். கிளம்பும்போது வண்டி ‘தடதட’வென்று அதிர்ந்தால் கிளட்ச் ஷூ கண்ணாடிபோல் வழுவழுப்பாகிவிட்டது. எஞ்சின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் பெல்ட்டோ ரோலரோ தேய்ந்திருக்கிறது. சமவெளியில் ஒரே சீராக நாற்பது, ஐம்பதில் ஓடிய வண்டியில் வேரியேட்டர் (வேகத்துக்கேற்ப கியரைத் தானாக மாற்றும் பகுதி) ரோலர்கள் ஒரே பக்கமாகத் தேய்ந்து தட்டையாகியிருக்கும். தட்டைப் பகுதியில் உட்கார்ந்த ரோலர், ஏற்றத்தில் பெல்ட்டை ‘லோ’ (குறைந்த கியர்) பக்கம் இறக்க விடாது. நேர்சாலையில் ஓட்டிப் பார்த்தால் இதைக் கண்டுபிடிப்பது கடினம்.

சந்தேகம் இருந்தால் மெக்கானிக்கிடம் இடதுபக்கக் கவரைத் திறக்கச் சொல்லுங்கள். அதற்குமுன், கவரைத் திறந்தால் ரிட்டர்ன் செல்லுமா என்று டீலரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அரைமணி நேர வேலைதான். பெல்ட்டின் உள்பக்கப் பற்களை விரித்து வெடிப்புப் பாருங்கள். அகலத்தை வெர்னியரில் அளந்து அந்த மாடலின் சர்வீஸ் வரம்போடு ஒப்பிடுங்கள். ரோலர் மாற்றினால் முழு செட்டும் மாற்றவேண்டும், பெல்ட்டையும் அப்போதே மாற்றிவிடுவது நல்லது. கியர் ஆயில் மோர் நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. அப்படி இருந்தால் வேறு எதையும் பார்க்காமல் வண்டியைத் திருப்பி அனுப்புங்கள்.

பிறகு முன்பக்கம். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின்னால் ஒருவர் அழுத்த, முன்சக்கரம் தூக்கட்டும். ஹேண்டில்பாரை மெதுவாக இருபக்கமும் திருப்புங்கள். நடுவில் ‘டக்’ என்று உட்கார்ந்தால் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்) போய்விட்டது. கொண்டை ஊசி வளைவில் வண்டி தானாக ஒரு பக்கம் இழுக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 3219 என்றால் 2019-ன் 32-வது வாரம். பட்டன் எவ்வளவு இருந்தாலும் ஐந்தாறு வருடமான ரப்பர் இறுகியிருக்கும். பனி ஈரத்தில் தேயிலைத் தோட்டத்துச் சரிவு ரோட்டில் அது பிடிக்காது. டயர் விலையை டீலரிடம் கழிக்கச் சொல்லுங்கள்.

காகிதத்தில் இரண்டு விஷயம். பழைய வண்டி வியாபாரிகளுக்கு 2023 ஏப்ரல் முதல் அங்கீகாரச் சான்று முறை வந்திருக்கிறது, அது படிவம் 29பி. பழைய உரிமையாளர் வண்டியை டீலரிடம் ஒப்படைத்ததற்கான தகவல் படிவம் 29சி. இரண்டையும் கேளுங்கள். மத்திய அரசின் பரிவாஹன் தளத்தில் சலான் பாக்கி, வங்கிக் கடன் பதிவு, ஃபிட்னஸ் தேதி மூன்றையும் நீங்களே பாருங்கள். பெயர் மாறிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுங்கள். மாற்றாவிட்டால் உங்கள் வண்டிக்கு அடிபட்டால் க்ளெய்ம் வராது. பழையவரின் நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் எடுக்காததற்கான பிரீமியம் தள்ளுபடி) உங்களுக்குச் சேராது, அதை விலையில் சேர்த்துச் சொன்னால் நம்பாதீர்கள்.

கூடலூர். கேரளப் பதிவெண் ஸ்கூட்டர் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது. அப்படியே ஓட்டலாமா?

பெயர் மாற்றாமல் ஓட்டவே கூடாது. வேறு மாநில வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்தாகவேண்டும். வாங்குவது நிரந்தரமாக ஓட்டத்தானே, எனவே அந்தச் செலவு இப்போதே நிச்சயம். வண்டி பதிவான கேரள அலுவலகத்திலிருந்து என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று, படிவம் 28) வாங்குவது விற்பவர் வேலை, அதை முடிக்காமல் முழுப் பணம் தராதீர்கள். பிறகு இங்கே படிவம் 27 (புதுப் பதிவெண்), 29, 30 (பெயர் மாற்றம்), கூடவே வண்டியின் வயதுக்கேற்ற தமிழ்நாட்டு ஆயுள் வரி. விலையோடு இந்த வரியையும் கூட்டினால் ‘மலிவு’ பெரும்பாலும் கரைந்துவிடும். வயநாடு, நிலம்பூர்ப் பக்கம் மழையில் நின்ற வண்டி என்றால் கால்மிதிக்குக் கீழே சேஸிஸ் குழாயை ஸ்க்ரூடிரைவரால் தட்டிப் பாருங்கள். ஓட்டை விழுந்த சேஸிஸுக்கு பெயின்ட் அடித்து அனுப்புவது உண்டு.

வெலிங்டனில் இருந்து மாற்றலாகிப் போகும் ராணுவ அதிகாரி, ஆக்டிவா 25 ஆயிரம் என்று விளம்பரம். அடையாள அட்டைப் படம்கூட அனுப்பினார். பார்சல் கட்டணம் முன்னால் கேட்கிறார்.

அனுப்பாதீர்கள். ராணுவத்தார் பெயரில் நடக்கும் இந்த மோசடி நாடெங்கும் பழசு. வெலிங்டன் முகாம் பக்கத்தில் இருப்பதால் நமக்கு மட்டும் நம்பும்படி இருக்கிறது. ஒரே பதில் எழுதுங்கள்: ‘நேரில் வந்து பார்த்து எடுத்துக்கொள்கிறேன்’. குன்னூரிலிருந்து வெலிங்டன் கூப்பிடு தூரம்தானே! மறுத்தால் வண்டியே இல்லை. ‘ரீஃபண்ட்’ என்று க்யூஆர் அனுப்பினால் ஸ்கேன் செய்யாதீர்கள். பணம் வாங்க யுபிஐ பின் தேவையே இல்லை. ஏற்கெனவே அனுப்பியிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். பணம் கைமாறுவதற்குள் முடக்க, மணிக்கணக்கில்தான் அவகாசம்.

பண்ணைக்காடு. லைசென்ஸ், பதிவு எதுவும் வேண்டாத எலக்ட்ரிக் ஸ்கூட்டர் ஆன்லைனில் அறுபதாயிரம் என்கிறார்கள். தோட்டத்துக்கும் கடைக்கும் போதுமா? இல்லை, பதிவு செய்த பெரிய எலக்ட்ரிக் வண்டி வாங்கலாமா?

பதிவு வேண்டாத வண்டிக்குச் சட்டம் வைத்த எல்லை 250 வாட் மோட்டார், மணிக்கு 25 கி.மீ. இதைக் கொடைக்கானல் மலைக்குக் கணக்குப் போடுவோம். ஆளும் வண்டியும் சேர்ந்து 150 கிலோ. நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் ஏறும் ரோடு. மோட்டாரிலிருந்து சக்கரத்துக்கு 200 வாட் வந்தாலும், கிடைக்கும் வேகம் மணிக்கு ஐந்து கிலோமீட்டர். ஆள் நடக்கிற வேகம்தான்! அதிலும் ஒரு காய்கறி மூட்டை வைத்தால் மோட்டார் சூடேறி நின்றுவிடும். ‘வேகக் கட்டுப்பாட்டு லாக்கை எடுத்துவிட்டால் வேகம் போகும்’ என்று விற்பவர் சொன்னால், அந்த நிமிடமே அது பதிவில்லாத சட்டவிரோத வண்டி ஆகிறது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸும் கிடையாது. உங்கள் ஊருக்கு இது வேண்டாம்.

பெரிய வண்டி என்றால் கேள்வி பேட்டரி அளவுதான். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் வரை உயரம் ஏறக்குறைய 1,800 மீட்டர். இரண்டு பேரோடு மொத்தம் 250 கிலோ என்றால், உயரம் ஏறுவதற்கு மட்டுமே 1.2 யூனிட் மின்சாரம். காற்றுத் தடை, டயர் உராய்வு, மோட்டார் இழப்பு எல்லாம் சேர்த்தால் மூன்று யூனிட்டை நெருங்கும். விளம்பரத்தில் ‘ஒரு சார்ஜில் 120 கி.மீ.’ என்று போட்ட மூன்று யூனிட் பேட்டரி வண்டி, ஐம்பது சொச்சம் கிலோமீட்டர் மலையேற்றத்தில் பேட்டரியைக் காலி செய்து நிற்கும். இரண்டு பேர் அடிக்கடி மலை ஏறி இறங்குவதென்றால் நான்கு யூனிட்டுக்குக் குறைந்து வாங்காதீர்கள். ஊருக்குள் மட்டும் ஓட்டுவதென்றால் மூன்று போதும்.

இறக்கத்தில் ரீஜென் பிரேக்கால் (மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடித்து மின்சாரம் தயாரிப்பது) கொஞ்சம் மின்சாரம் திரும்ப வரும். ஆனால் பேட்டரி நூறு சதவீதம் நிறைந்திருந்தால் ரீஜென் வேலை செய்யாது, அல்லது மிகக் குறைவாகச் செய்யும். மேலே இருந்து இறங்குவோர் 85 சதவீதத்தில் சார்ஜை நிறுத்திவிட்டுக் கிளம்பினால், பிடிக்கும் பிரேக்கும் கிடைக்கும், திரும்பும் மின்சாரமும் கிடைக்கும்.

தாண்டிக்குடி. ஏற்ற இறக்கத்துக்கு 110 சிசி போதுமா? இறங்கும்போது எஞ்சினை நிறுத்திவிட்டு வந்தால் பெட்ரோல் மிச்சமா?

உயரம் நூறு மீட்டர் கூடினால் எஞ்சின் சக்தி ஏறக்குறைய ஒரு சதவீதம் குறையும். 2,000 மீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். எட்டு குதிரைத்திறன் வண்டியில் ஆறரைதான் மிஞ்சும். ஒருவர் ஓட்ட 110 போதும், இரண்டு பேருக்கு 125 எடுங்கள், முன்பக்கம் டிஸ்க் இருக்கட்டும். பிஎஸ்6 (புதிய மாசு விதிப்படி வந்த) வண்டிகளில் ஃப்யூயல் இஞ்செக்‌ஷன் காற்றுக்கேற்ப பெட்ரோலைச் சரிசெய்துகொள்ளும். 2020-க்கு முந்தைய கார்பரேட்டர் வண்டியைச் சமவெளியிலிருந்து வாங்கினால் இங்கே பெட்ரோல் அதிகம் குடித்து, பிளக் கரியாகும். மெக்கானிக்கிடம் ட்யூன் செய்யுங்கள்.

எஞ்சினை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் கிளட்ச் பிடிக்காது, வண்டி முழுக்க பிரேக்கை நம்பி உருளும், டிரம் சூடேறிப் பிடிமானம் குறையும். ஓடும் எஞ்சினிலும் வேகம் மிகக் குறைந்தால் கிளட்ச் விட்டுவிடும். அப்போது ஆக்ஸிலரேட்டரைத் துளி திறந்து, கிளட்ச் பிடித்ததும் மூடினால் எஞ்சின் இழுத்துப் பிடிக்கும்.

ஊட்டி. பணம் கட்டி ஒரு மாதமாகியும் வண்டி வரவில்லை. டீலர் பெங்களூரு. எங்கே புகார் செய்வது?

பெங்களூருவுக்குப் போகவேண்டாம். 2019 நுகர்வோர் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது ஊட்டியில் உள்ள நீலகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. அதற்குமுன் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகப் பதில் தந்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிந்து புகார் எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். பில், பணம் கட்டிய ரசீது, சொன்ன டெலிவரி தேதியின் ஸ்க்ரீன்ஷாட் மூன்றையும் இன்றே பிரின்ட் எடுங்கள். விளம்பரப் பக்கம் நாளைக்கு மாறிவிடும்.