ஹைஸ்கூல் படிக்கிற பொண்ணுக்கு சம்மர்ல எகனாமிக்ஸ் ப்ரோக்ராம் நல்லதா, இன்டர்ன்ஷிப் நல்லதா?

நீங்க கேட்டிருக்கிறது இதுதான்: எடிசன்ல இருக்கீங்க, பொண்ணு பத்தாவது, எகனாமிக்ஸ் மேல ஆசை வந்திருக்கு, வீட்ல ஹெச்1பி வேலை விசா, அதனால பொண்ணுக்கு குடும்பத்துக்குக் கொடுக்கிற ஹெச்4 விசா. சம்மர்ல எந்த ப்ரோக்ராம்ல சேக்கலாம், இன்டர்ன்ஷிப் ஏதாவது கிடைக்குமா, காசு கட்டி அனுப்புனா பெரிய காலேஜ்ல சீட் வாங்க உதவுமா. நான் எகனாமிக்ஸ் படிச்சுட்டு டேட்டா வேலையில இருக்கேன், நானும் நியூ ஜெர்சிதான், எங்க பொண்ணும் இதே வழியா போய் இப்ப காலேஜ்ல எகனாமிக்ஸ் படிக்குது, அக்கம்பக்கத்துப் பசங்க நிறைய பேர் கூடவும் உக்காந்து இதைப் பேசியிருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

முதல்ல விசா. நிறைய வீட்ல இதைக் கடைசியிலதான் பாக்குறாங்க, அப்புறம் ஏப்ரல் மாசம் வந்து தவிக்கிறாங்க. ஹெச்4ல இருக்கிற பிள்ளைங்க இங்க சம்பளம் வாங்குற வேலை எதுவும் செய்யக் கூடாது. 2015ல வந்த ஹெச்4 ஈஏடி, அதாவது வேலை செய்ய அனுமதி அட்டை, கணவன் மனைவியில சில பேருக்குத்தான், பிள்ளைங்களுக்குக் கிடையாது. அதனால பேங்க் ஆஃப் அமெரிக்கா ஸ்டூடண்ட் லீடர்ஸ் மாதிரி, சம்பளமும் கொடுத்து உள்ளூர் சேவை அமைப்புல வேலையும் பழக வைக்கிற நல்ல ப்ரோக்ராம் இருந்தாலும், வேலை செய்ய அனுமதி இருக்கணும்னு கேப்பாங்க, உங்க பொண்ணுக்கு அது ஒத்து வராது. க்ரீன் கார்டோ சிட்டிசன்ஷிப்போ இருக்கிற வீட்டுப் பிள்ளைங்க அதைக் கண்டிப்பா பாருங்க, இது அவங்களுக்காகச் சொல்றேன். சரி சம்பளம் வேணாம், சும்மா வந்து பழகட்டும்னு தெரிஞ்சவர் கம்பெனில உக்கார வைக்கலாமான்னு கேப்பீங்க. அது வழக்கமா காசு கொடுத்து ஆள் வைக்கிற வேலையா இருந்தா, சம்பளம் வாங்கலன்னாலும் சிக்கல் வரலாம். சேவை அமைப்புல, எல்லாரும் சும்மா வந்து செய்யிற வாலண்டியர் வேலைன்னா பொதுவா பிரச்சனை இல்ல. எதுக்கும் உங்க இமிக்ரேஷன் வக்கீல்கிட்ட ஒரு மெயில் போட்டுக் கேட்டுக்கோங்க. படிக்கிறதுக்கு எந்தத் தடையும் இல்ல, சம்மர் ப்ரோக்ராம், காலேஜ் கோர்ஸ் எல்லாம் ஹெச்4ல தாராளமா படிக்கலாம்.

இப்ப ப்ரோக்ராம். எல்லாரும் சொல்ற பேர் யேல் யங் குளோபல் ஸ்காலர்ஸ். நியூ ஹேவன்ல ரெண்டு வாரம், அதுல பாலிடிக்ஸ், லா, எகனாமிக்ஸ் மூணும் சேர்ந்து ஒரு ட்ராக் உண்டு, உலகம் பூரா இருந்து பிள்ளைங்க வருவாங்க, அந்த சம்மருக்குள்ள 16 வயசு ஆகியிருக்கணும், அதனால பத்தாவது முடிக்கிற பிள்ளைன்னா பிறந்த தேதியைப் பாத்துக்கோங்க. செலவு ஏழாயிரம் டாலரை ஒட்டி வரும், வீட்டு வருமானத்தைப் பாத்து உதவித்தொகை கொடுக்குறாங்க, கேக்கக் கூச்சப்படாதீங்க. காலேஜ் கிரெடிட் கிடையாது. அடுத்தது வார்ட்டன்ல லீடர்ஷிப் இன் தி பிசினஸ் வேர்ல்ட், அது இதை விடக் காஸ்ட்லி, பேர்லயே இருக்கிற மாதிரி அது பிசினஸ், எகனாமிக்ஸ் இல்ல. வார்ட்டன்ல டிகிரிக்கே பேச்சுலர் ஆஃப் சயின்ஸ் இன் எகனாமிக்ஸ்னுதான் பேரு, ஆனா படிக்கிறது ஃபைனான்ஸ், மார்க்கெட்டிங், அக்கவுண்டிங் இதெல்லாம், இது தெரியாம நம்ம வீடுகள்ல ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சுக்கிறாங்க. உங்க பொண்ணுக்கு எது மேல ஆசைன்னு அவகிட்டயே உக்காந்து கேளுங்க. கம்பெனி எப்படி நடத்துறதுன்னு தெரிஞ்சுக்கணுமா, இல்ல வாடகை ஏன் ஏறுது, சம்பளம் ஏன் ஏற மாட்டேங்குதுன்னு தெரிஞ்சுக்கணுமா? ரெண்டும் வேற வேற படிப்பு.

செலவு கம்மியா, நிஜமாவே எகனாமிக்ஸ் சொல்லித் தர்றதுன்னு பாத்தா எனக்குப் பிடிச்சது எகனாமிக்ஸ் ஃபார் லீடர்ஸ். ஃபவுண்டேஷன் ஃபார் டீச்சிங் எகனாமிக்ஸ்னு 1975ல இருந்து இருக்கிற அமைப்பு, எகனாமிக்ஸ் டீச்சர்ஸுக்குப் பயிற்சி கொடுக்கிறவங்க, அவங்க ஒரு வாரம் வேற வேற யூனிவர்சிட்டி கேம்பஸ்ல நடத்துறாங்க. பிள்ளைங்களையே வாங்குறவங்க, விக்கிறவங்கன்னு பிரிச்சு விட்டு மார்க்கெட் நடத்த வைப்பாங்க, விலை எப்படி ஒரு இடத்துல வந்து நிக்குதுன்னு கண்ணால பாக்குறப்ப ஏற்படுற தெளிவு புக்ல வராது. மார்க்கெட் மேல கொஞ்சம் அதிக நம்பிக்கை உள்ள பார்வைதான் அவங்களது, அது தெரிஞ்சு போனா நல்லது, போய்ட்டு வந்து வேற பார்வையையும் படிக்கட்டும்.

வீட்டுக்குத் தபால்ல ஒரு கவர் வரும் பாருங்க, தங்கக் கலர்ல முத்திரை போட்டு, உங்க மகள் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறார்னு. பெரிய யூனிவர்சிட்டி பேர் இருக்கும், நல்லா உத்துப் பாத்தா அந்த யூனிவர்சிட்டில ஹாலையும் ஹாஸ்டலையும் வாடகைக்கு எடுத்து வேற ஒரு கம்பெனி நடத்துறதா இருக்கும். எனக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பம் அப்படி ஒண்ணுக்கு கிரெடிட் கார்டுல கடன் போட்டுக் காசு கட்டுனாங்க, பிள்ளை அங்க போய் கேட்டது முழுக்க தன்னம்பிக்கைப் பேச்சு, விலை ஏறுனா வாங்குறது எப்படிக் குறையுதுன்னு காட்டுற ஒரு டிமாண்ட் கர்வ் கூட வரையல. இப்பவும் அதை நினைச்சா எனக்கு வயிறு எரியுது. நீங்க காசு கட்டுறதுக்கு முன்னாடி கேக்க வேண்டியது, நடத்துறது யாரு, கிளாஸ் எடுக்கிறது யாரு, முடிஞ்சு வர்றப்ப பிள்ளை கையில என்ன வேலை இருக்கும். மூணாவதுக்கு சர்டிபிகேட்னு பதில் வந்தா ஃபோனை வெச்சிடுங்க.

சீட் கிடைக்க உதவுமான்னு கேட்டீங்களே, சம்மர் ப்ரோக்ராம் நடத்துற பிரிவு வேற, அட்மிஷன் ஆபீஸ் வேற. இதுல கலந்துக்கிட்டதால முன்னுரிமை எதுவும் இல்லன்னு பல யூனிவர்சிட்டி அவங்க வெப்சைட்லயே எழுதி வெச்சிருக்காங்க. பல காலேஜுக்கும் பொதுவான அப்ளிகேஷனான காமன் ஆப்ல பத்து ஆக்டிவிட்டி போட இடம் இருக்கு, ஒவ்வொண்ணையும் விவரிக்க 150 எழுத்துதான். ரெண்டு வாரம் ஒரு கேம்பஸ்ல இருந்தேன்னு எழுதுறதுக்கும், நானே இந்தக் கேள்வியை எடுத்து இந்த டேட்டாவை வெச்சு இதைக் கண்டுபிடிச்சேன்னு எழுதுறதுக்கும் உள்ள வித்தியாசம் படிக்கிறவங்களுக்குத் தெரியாமப் போகாது.

அதனால நான் உங்க இடத்துல இருந்தா என்ன செய்வேன்னு சொல்றேன், இதுதான் நான் முக்கியமா சொல்ல வந்தது. நீங்க இருக்கிறது நியூ ஜெர்சி. நவீன எகனாமிக்ஸ்ல ரொம்பப் பேர் சண்டை போட்ட ஆராய்ச்சி ஒண்ணு நடந்ததே நம்ம ஊர்லதான். 1992 ஏப்ரல் 1ஆம் தேதி நியூ ஜெர்சில மினிமம் வேஜ் மணிக்கு 4.25 டாலர்ல இருந்து 5.05 ஆச்சு, டெலவேர் ஆத்துக்கு அந்தப் பக்கம் பென்சில்வேனியாவுல 4.25லயே நின்னுச்சு. சம்பளத்தைச் சட்டம் போட்டு ஏத்துனா கடைக்காரங்க ஆளைக் குறைப்பாங்கன்னுதான் அப்ப பாடப் புத்தகம் பூரா இருந்துச்சு. பிரின்ஸ்டன்ல இருந்த டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் என்ன செஞ்சாங்கன்னா, ரெண்டு பக்கமும் சேத்து 410 ஃபாஸ்ட் ஃபுட் கடைங்க, பர்கர் கிங், கேஎஃப்சி, வெண்டீஸ், ராய் ராஜர்ஸ், இதுங்ககிட்ட சம்பளம் ஏறுறதுக்கு முன்னாடி ஒரு தடவ, அந்த வருஷக் கடைசியில இன்னொரு தடவ எத்தனை பேர் வேலை செய்றாங்கன்னு கேட்டு எழுதுனாங்க. பகுதிநேர ஆளுங்களையும் முழுநேரக் கணக்குக்கு மாத்திப் பாத்தா, நியூ ஜெர்சி கடைங்கள்ல சராசரி 20.44ல இருந்து 21.03க்கு ஏறியிருக்கு, பென்சில்வேனியாவுல 23.33ல இருந்து 21.17க்கு இறங்கியிருக்கு. சம்பளம் ஏறுன பக்கம் வேலை குறையல! 1994ல பேப்பர் வந்துச்சு, பெரிய அடிதடி, 2000ல நியூமார்க், வாஷர்னு ரெண்டு பேர் சம்பளப் பட்டியல் ரெக்கார்டை வெச்சு வேற முடிவு சொன்னாங்க, கார்டும் க்ரூகரும் அதுக்குப் பதில் எழுதுனாங்க. 2021ல கார்டுக்கு நோபல் பரிசு கிடைச்சுது, க்ரூகர் 2019லயே இறந்துட்டார்.

இதுல உங்க பொண்ணுக்கு என்ன இருக்குன்னா, அந்த ஒரிஜினல் டேட்டாவை யார் வேணா இறக்கிக்கலாம், கார்டோட பெர்க்லி பக்கத்துல கிடைக்குது. பத்தாவது பிள்ளையால எக்செல்லயே அந்த நாலு சராசரியையும் போட்டு, ஒவ்வொரு பக்கமும் எவ்வளவு மாறுச்சுன்னு கழிச்சு, அந்த ரெண்டு மாற்றத்தையும் ஒப்பிட்டு அதே விடை வருதான்னு பாக்க முடியும். அது முடிஞ்சா அடுத்தது இன்னும் சுவாரஸ்யம். 2019ல நியூ ஜெர்சி திரும்பச் சட்டம் போட்டு 8.85 டாலர்ல இருந்து படிப்படியா ஏத்தி 2024 ஜனவரில 15.13க்குக் கொண்டு வந்துச்சு, பென்சில்வேனியா 2009ல இருந்து 7.25லயே நிக்குது. அதே ஆறு, அதே ரெண்டு கரை, ஆனா இடைவெளி இந்தத் தடவ ரொம்பப் பெருசு. வேலை, சம்பளக் கணக்கு எடுக்கிற அரசாங்க அமைப்பு பீரோ ஆஃப் லேபர் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஒவ்வொரு கவுண்டிக்கும் ஹோட்டல் தொழில்ல எத்தனை பேர் வேலை பாக்குறாங்க, வாரச் சம்பளம் என்னன்னு மூணு மாசத்துக்கு ஒரு தடவ வெளியிடுது, இலவசம். கேம்டன், பர்லிங்டன், மெர்சர் ஒரு பக்கம், பக்ஸ், பிலடெல்ஃபியா மறு பக்கம்னு வெச்சுக்கிட்டு பாக்கச் சொல்லுங்க. நடுவுல 2020 கோவிட் வந்து எல்லாத்தையும் கலைச்சுப் போட்டிருக்கும், அதை என்ன செய்றதுன்னு முழிப்பா, அந்த முழிக்கிறதுதான் எகனாமிக்ஸ் படிக்கிறது. எட்டு பத்து பக்கம் எழுதட்டும், எழுதி முடிச்சப்புறம் அதை வெச்சு பக்கத்து யூனிவர்சிட்டில லேபர் எகனாமிக்ஸ் பாக்குற பேராசிரியருக்கோ பிஹெச்டி ஸ்டூடண்டுக்கோ ஒரு குறிப்பான கேள்வி கேட்டு மெயில் போடட்டும். எனக்கு இன்டர்ன்ஷிப் கொடுங்கன்னு வெறும் கையோட போற மெயிலுக்குப் பெரும்பாலும் பதிலே வராது, வேலையோட போற மெயிலுக்கு வரும்.

மினிமம் வேஜ் பிடிக்கலன்னா முட்டை விலையை எடுக்கட்டும். அமெரிக்க மத்திய வங்கியோட செயின்ட் லூயிஸ் கிளை (செயின்ட் லூயிஸ் ஃபெட்) நடத்துற ஃப்ரெட்ங்கிற டேட்டா வெப்சைட்ல சராசரி விலை மாசா மாசம் இருக்கு, பறவைக் காய்ச்சலால 2023 ஜனவரில டஜன் 4.82 டாலர் போச்சு, 2025 மார்ச்ல 6.23. அவ்வளவு ஏறியும் ஜனங்க முட்டை வாங்குறதை எந்த அளவு குறைச்சாங்கன்னு தேடிப் பாக்குறதே ஒரு சம்மருக்குப் போதும்.

அடிப்படை தெரியாம இதெல்லாம் எப்படின்னு கேட்டா, எம்ஐடி ஓபன் கோர்ஸ்வேர்ல ஜொனாதன் க்ரூபர் எடுத்த மைக்ரோ எகனாமிக்ஸ் கிளாஸ் முழுசும் வீடியோவா ஓசில இருக்கு, கணக்கு கொஞ்சம் கால்குலஸ் கேக்கும். அது கஷ்டமா இருந்தா கோர் எகான் போடுற இலவசப் புத்தகம் இன்னும் எளிமை. காலேஜ் கிளாஸ்ல உக்காந்து பழகணும்னா எடிசன்லயே மிடில்செக்ஸ் காலேஜ் இருக்கு, ஹைஸ்கூல் பிள்ளைங்களையும் எடுத்துக்குறாங்க, கேம்பஸ் ப்ரோக்ராம் செலவுல சின்னப் பங்குதான் ஆகும், கிரெடிட்டும் கிடைக்கும், நம்ம ஆளுங்க கம்யூனிட்டி காலேஜ்னா ஏனோ முகத்தைச் சுளிக்கிறாங்க, அதை மட்டும் செய்யாதீங்க.

வாலண்டியர் வேலைன்னு பாத்தா ஃபுட் பேங்க்குக்கு அனுப்புங்க, ஹில்சைடுல கம்யூனிட்டி ஃபுட் பேங்க் ஆஃப் நியூ ஜெர்சி இருக்கு. இதை இன்டர்ன்ஷிப் கிடைக்காததுக்கு ஆறுதலா சொல்லல. இந்த மாதிரி ஃபுட் பேங்க் எல்லாம் சேர்ந்த ஃபீடிங் அமெரிக்காவுல, எந்த ஊருக்கு எந்தச் சாப்பாட்டை அனுப்புறதுன்னு மேல இருந்து பிரிச்சுக் கொடுத்துக்கிட்டு இருந்தாங்க, ஏற்கனவே உருளைக்கிழங்கு குவிஞ்சு கிடக்குற இடத்துக்கே திரும்பவும் உருளைக்கிழங்கு போகும். 2005ல சிகாகோ யூனிவர்சிட்டி எகனாமிஸ்டுங்க உதவியோட, ஒவ்வொரு ஃபுட் பேங்க்குக்கும் ஒரு தனி நாணயம் மாதிரி ஷேர் கொடுத்து, வேணுங்கிறதை ஏலம் கேட்டு எடுத்துக்கச் சொன்னாங்க, அதிக ஏழைங்க இருக்கிற ஊருக்கு அதிக ஷேர். காசே இல்லாத இடத்துல மார்க்கெட்! பெட்டி அடுக்கப் போற பொண்ணு இதைத் தெரிஞ்சுக்கிட்டுப் போனா அங்க இருக்கிறவங்ககிட்ட கேக்க ஆயிரம் கேள்வி இருக்கும்.

ஜூலை ஆகஸ்ட்ல ஊருக்குப் போறதா இருந்தா ப்ரோக்ராமுக்காக அதைக் கேன்சல் பண்ணாதீங்க. தாத்தா பாட்டி கூட ரேஷன் கடைக்குப் போய் வரச் சொல்லுங்க. தமிழ்நாட்டுல அரிசி கார்டுக்கு 2011ல இருந்து அரிசி இலவசம், ஏழைங்களுக்கு மட்டும்னு பிரிக்காம பரவலாக் கொடுக்குறாங்க. பிரிச்சுக் கொடுத்தா காசு மிச்சம், ஆனா பிரிக்கிறப்ப நிஜமான ஏழை விட்டுப் போற ஆபத்து இருக்கு, இது எகனாமிக்ஸ்ல பெரிய விவாதம். வாங்குறவங்க சில பேர்கிட்ட பேசிட்டு வந்தா அவளுக்கு அதுல சொந்தமா ஒரு கருத்து இருக்கும்.

தேதி விஷயம், பெரிய ப்ரோக்ராமுக்கெல்லாம் அப்ளிகேஷன் முந்தின வருஷம் இலையுதிர் காலத்துலயே திறந்து ஜனவரி, பிப்ரவரிக்குள்ள பெரும்பாலும் முடிஞ்சிடும். ஸ்கூல் நடக்குறப்ப நேஷனல் எகனாமிக்ஸ் சேலஞ்ச் உண்டு, டீமா போகணும், புதுசா தொடங்குறவங்களுக்கு டேவிட் ரிக்கார்டோ பிரிவு, ஏபி, அதாவது ஸ்கூல்லயே எடுக்குற காலேஜ் லெவல் கோர்ஸ் படிச்சவங்களுக்கு ஆடம் ஸ்மித் பிரிவு. அப்புறம் பதினொண்ணாவதுல கணக்குல எந்த கோர்ஸ் எடுக்குறாள்னு பாருங்க. காலேஜ்ல எகனாமிக்ஸ் மேஜர்னா கால்குலஸும் ஸ்டாட்டிஸ்டிக்ஸும் இல்லாம நகராது, பன்னண்டாவதுக்குள்ள கால்குலஸ் வர்ற மாதிரி இப்பவே கவுன்சிலர்கிட்ட பேசி வரிசை போட்டுக்கோங்க.