ஊர்க் கசற்றில் இருக்கிற அம்மம்மாவின் தாலாட்டை என்ன செய்யலாம்?

தங்கச்சி, யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்த கசற்றை கனடாவில், ஸ்காபரோவில் எதில் போட்டுக் கேட்கலாம், குரல் ஏன் சின்னப்பிள்ளைக் குரல் மாதிரி இருக்கு என்று கேட்டிருந்தீங்கள்.

முதலில் கசற்றின் முதுகில் இருக்கிற இரண்டு சின்ன பிளாஸ்ரிக் துண்டுகளையும் நெம்பி உடைத்துவிடுங்கோ. பிறகு றெக்கோட் பட்டன் தவறி அமத்துப்பட்டாலும் தாலாட்டு அழியாது. ரேப்பின் விளிம்பில் வெள்ளைத் தூள் படிந்திருந்தால் அது பூஞ்சணம். ஓட விடாதேங்கோ, செற்றையும் (கசற் போடுகிற பெட்டி) அடுத்த கசற்றையும் சேர்த்துக் கெடுக்கும். ரேப்புக்குப் பின்னால் நடுவில் இருக்கிற பஞ்சுப் பட்டை விழுந்திருந்தால் சத்தம் மங்கலாகத்தான் வரும். ஸ்குரூ போட்ட வேறொரு கசற்றைக் கழற்றி, அதன் கூட்டுக்குள் இந்த ரேப்பை மாற்றலாம்.

ஊரிலிருந்து செற் கொண்டுவரச் சொல்லாதேங்கோ. அது 230 வோல்ற், இங்கே 120. யூஎஸ்பி வயர் வைத்த மலிவு வோக்மனும் வேண்டாம், ஓட்டம் சீராக இராது. பழைய சாமான் கடையில் நல்ல டெக் (வீட்டில் வைக்கிற பெரிய கசற் செற்) ஒன்று பார்த்து வாங்கி, அதன் பின்னால் சத்தம் வெளியே வருகிற லைன் அவுட் துளையிலிருந்து கணினிக்கு ஓடியோ இன்ரபேஸ் (சத்தத்தைக் கணினிக்கு மாற்றிக் கொடுக்கிற சின்னப் பெட்டி) வழியாக எடுங்கோ. டெக்கில் இரைச்சல் குறைக்கிற டொல்பி பட்டனை அணைத்திருக்க வேண்டும். ஒருக்கால் முழுக்க முன்னும் பின்னும் சுற்றிவிட்டுப் போடுங்கோ. சத்தம் மங்கலாக இருந்தால் ரேப்பை வாசிக்கிற ஹெட்டின் பக்கத்து ஸ்குரூவை மெல்லத் திருகி, 'ச', 'ஸ' ஒலிகள் கூர்மையாகக் கேட்கிற இடத்தில் விடுங்கோ. ஊரில் பதிந்த செற்றின் ஹெட் கொஞ்சம் சரிந்திருந்திருக்கும், அதற்கு ஏற்றபடி இதையும் சரிக்கிறீங்கள், அவ்வளவுதான்.

கணினியில் சத்தம் பதிகிற இலவச மென்பொருளான ஓடசிற்றியில் 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிற், வேவ் கோப்பு. உச்சம் மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது. ஸ்ரீரியோவில் எடுத்தால் ஒரு மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 1 ஜிபி வரும்.

இனிக் குரல். பற்றரி இறங்கின செற்றில் பதிந்தால் மோட்டர் மெதுவாக ஓடும். அதைச் சரியான வேகத்தில் போட்டால் குரல் விரைவாக, மேல் சுருதியில் கேட்கும். 1990களின் முற்பகுதியில் யாழ் குடாநாட்டில் மின்சாரமும் இல்லை, பற்றரிக்கும் தடை, சைக்கிள் டைனமோவில் பாட்டுக் கேட்ட காலம். அந்தக் காலத்துப் பதிவென்றால் வேகம் இடைக்கிடை மாறியும் இருக்கும். துண்டு துண்டாகத்தான் திருத்த வேண்டும்.

கரன்ற் இருந்தபோது பதிந்ததென்றால் ஒரு வசதி இருக்கு. ரேப்பில் மெல்லிய இரைச்சல் ஒன்று பதிந்திருக்கும், இலங்கைக் கரன்ற்றின் 50 ஹேர்ட்ஸ். பாட்டில்லாத இடத்தைத் தெரிந்தெடுத்து, ஓடசிற்றியில் 'புளொட் ஸ்பெக்ரம்' (எந்த அதிர்வில் எவ்வளவு சத்தம் என்று காட்டுகிற வரைபடம்) போய், அளவை 65536 ஆக வைத்துப் பாருங்கோ. 53இல் முள் (கூரான உச்சம்) நின்றால் வேகத்தை 0.943 ஆல் பெருக்க வேண்டும், அதாவது 50 வகுத்தல் 53. கிட்டத்தட்ட ஒரு அரைச்சுருதி இறங்கும். 60இல் நிற்கிற முள் உங்கள் கனடா டெக்கின் இரைச்சலாக இருக்கலாம், அதைக் கணக்கில் எடுக்காதேங்கோ. வேகமும் சுருதியும் சேர்ந்து மாறுகிற கட்டளைதான் வேண்டும். சுருதியை மட்டும் மாற்றினால் தாலாட்டின் நடை விரைவாகவே நிற்கும்.

திருத்தமெல்லாம் பிரதியில். இரைச்சல் நீக்குகிற வேலையை நான் விரும்புவதில்லை: மூச்சும் தொட்டில் கயிற்றுச் சத்தமும் சேர்ந்து போய்விடும், குரல் தகரத்துக்குள் கேட்கும். மற்றப் பக்கத்தில் றெக்கோடிங் பாரில் (பாட்டுப் பதிந்து தருகிற கடை) அடித்த சினிமாப் பாட்டுகளுக்கு மினைக்கெடாதேங்கோ, பெரும்பாலும் இணையத்தில் அதைவிடத் தெளிவாகக் கிடைக்கும்.

மாரியில் தபாலில் வருகிற கசற்றை உறை பிரிக்காமல் ஒரு இரவு வீட்டுச் சூட்டில் வைத்துவிட்டுத் திறவுங்கோ, இல்லையென்றால் ஈரம் பிடிக்கும். பேஸ்மென்ற்றில் இருக்கிறீங்களென்றால், கசற்றை மேல் வீட்டில் இருக்கிற யாரிடமாவது கொடுத்து வைக்கலாம். கோடையில் கீழே ஈரம் கூட.