கேளுங்கோ சொல்லுறன்: நாலாம் மாடியில 15 இஞ்சி சப்வூஃபரா?

கேள்வி: அண்ணை, வெள்ளவத்தையில நாலாம் மாடி பிளாட் ஒண்டில இருக்கிறன். ரெண்டு வருசம் காசு சேர்த்து கெஃப் எல்எஸ்50 மெட்டா ஸ்பீக்கர் வாங்கினனான். குரலெல்லாம் ஆள் முன்னால நிண்டு பாடுற மாதிரித்தான் இருக்கு, ஆனா ராஜா பாட்டில வாற பேஸ் கிட்டார் மட்டும் மெலிஞ்சு கிடக்கு. சப்வூஃபர் (அடிச்சத்தத்துக்கு எண்டு தனியா வைக்கிற ஸ்பீக்கர்) பாக்கப் போனா கடைக்காரர் 15 இஞ்சி போர்ட்டட் (பெட்டியில காத்துப் போக ஓட்டை வைச்சது) ஒண்டைக் காட்டி வீடே அதிரும் எண்டுறார். ஹோல் 14 அடிக்கு 11 அடி, அம்ப்பில சப் அவுட் (சப்வூஃபர் வயர் பூட்டுற தனி இடம்) இல்லை, கீழ்வீட்டில வயசுபோன அன்ரி ஒராள் தனிய இருக்கிறா. எதை வாங்க?

பதில்: தம்பி, வீடு அதிருறதுக்கு கோட்டைப் பக்கம் போற ரயிலே காணும், அதுக்கு ஏன் காசு குடுப்பான்.

உங்கட ஸ்பீக்கரில இருக்கிறது அஞ்சேகால் இஞ்சி ட்ரைவர். கெஃப்காரரே 47 ஹேர்ட்ஸில (இந்த எண் குறையக் குறைய சுரம் கீழ போகும்) சத்தம் 6 டெசிபல் இறங்கிடும் எண்டுதான் போட்டிருக்கினம். பேஸ் கிட்டாரின்ர அடிக்கம்பி 41 ஹேர்ட்ஸ். அதாலதான் மெலிவு, ஸ்பீக்கரில பிழை இல்லை. அப்ப உங்களுக்குத் தேவை அந்தக் கடைசிப் படி ஒண்டுதான், படத்தில குண்டு வெடிக்கிற சத்தம் இல்லை.

இப்ப கடைக்காரர் கேக்காத விசயம். 14 அடி எண்டா 4.27 மீட்டர், அந்த நீளத்தில சத்தம் சுவருக்குச் சுவர் மோதி ஏறக்குறைய 40 ஹேர்ட்ஸில தானாப் பெருக்கும். அதாவது நீங்கள் தேடுற அதே அடிக்கம்பிச் சுரம் உங்கட ஹோலில ஏற்கனவே வீங்கக் காத்துக்கொண்டு இருக்கு, அதில 15 இஞ்சியைக் கொண்டுபோய் மூலையில வைச்சா ஒரு சுரம் மட்டும் "பூம்" எண்டு நிக்கும், மற்றதெல்லாம் பின்னுக்குப் போயிடும். நான் பட்டது இது. முதல் சப்பை மூலையில ஷோகேசுக்குப் பக்கத்தில வைச்சன், ஒவ்வொரு பாட்டிலயும் ஒரே இடத்தில உள்ள இருந்த கிளாஸ் எல்லாம் கிணுகிணுக்குது, நான் சப் பழுது எண்டு கடையோட சண்டை பிடிச்சு மாத்தி எடுத்துக்கொண்டு வந்தா புதுசும் அதே இடத்தில கிணுகிணுக்குது. பிறகு அந்தக் கடைப்பக்கம் போக வெக்கமாப் போச்சு.

என்னைக் கேட்டா சீல்ட் பெட்டி (ஓட்டை இல்லாம மூடினது) எடுங்கோ, 8 இல்லாட்டி 10 இஞ்சி. போர்ட்டட் கீழ இறங்கி நல்லா முழங்கும்தான், ஆனா அந்த ஓட்டை பிடிக்கிற சுரத்துக்குக் கீழ போனா ஒரு ஒக்டேவுக்கு (ஹேர்ட்ஸ் பாதியாகிறதுக்கு) 24 டெசிபல் கணக்கில விழுந்திடும். சீல்ட் 12 கணக்கில மெல்ல மெல்ல இறங்கும், சின்ன ஹோல் குடுக்கிற பெருக்கத்தோட அது பொருந்திப் போகும். ரெல் டி/5எக்ஸ் 8 இஞ்சி சீல்ட், உங்கட சோலிக்கு அது காணும். எஸ்விஎஸ் எஸ்பி-1000 ப்ரோ 12 இஞ்சி, அதுவும் சீல்ட்தான், போன் அப்பில செட் பண்ணலாம், ஆனா அன்ரியை யோசிச்சா நான் சின்னதுக்குத்தான் போவன். எதை எடுத்தாலும் 230 வோல்ட் மொடலோ எண்டு பின்னால திருப்பிப் பாருங்கோ, அமெரிக்காவில இருந்து ஆரும் கொண்டுவந்து தாறது எண்டா கட்டாயம் பாக்கோணும்.

சப் அவுட் இல்லாட்டி ஒண்டும் குறையில்லை. ரெல்லில ஹை லெவல் எண்டு ஒரு வழி இருக்கு, அம்ப்பில ஸ்பீக்கர் வயர் பூட்டுற அதே இடத்தில சப்பின்ர வயரையும் பூட்டுறது, அம்ப்புக்கு பாரம் ஏறாது. க்ளாஸ் டி அம்ப் (சூடு குறைஞ்ச ஒரு வகை அம்ப்) எண்டா மட்டும் அந்தச் சப் வயரில இருக்கிற கறுப்பு வயரைப் பூட்ட முதல் புத்தகத்தை வாசியுங்கோ, சிலதுக்கு அது ஆகாது.

வைக்கிற இடத்துக்கு ஒரு வேலை செய்யுங்கோ. நீங்கள் இருக்கிற செற்றியைத் தள்ளிப்போட்டு அந்த இடத்தில சப்பை வைச்சு, பேஸ் கிட்டார் மேல கீழ ஓடுற பாட்டு ஒண்டைப் போட்டிட்டு, சுவர் ஓரமா நாலு காலில தவழுங்கோ. எல்லாச் சுரமும் ஒரே அளவாக் கேக்கிற இடம்தான் சப்புக்கு இடம். அம்மா வந்து என்னத்தைத் துலைச்சனி எண்டு கேப்பா, பரவாயில்லை. பிறகு க்ரொஸ்ஓவரை (சப் எந்தச் சுரம் வரைக்கும் பாடோணும் எண்டு வைக்கிற திருகு) 50 ஹேர்ட்ஸில தொடங்கி மெல்ல ஏத்துங்கோ, ஆம்பிளைக் குரல் தடிக்கத் தொடங்கினா கொஞ்சம் இறக்குங்கோ. ஃபேஸ் சுவிட்சை (சப்பும் ஸ்பீக்கரும் ஒண்டாத் தள்ளுறதுக்கு இருக்கிறது) 0, 180 ரெண்டிலயும் போட்டு பேஸ் நிறைவாக் கேக்கிறதில விடுங்கோ. கீழ ரப்பர் கால் போட்டா தரையில இறங்குற அதிர்வு குறையும், சத்தம் முழுக்க நிக்காது, அதால ராத்திரி பத்துக்குப் பிறகு சப்பை ஓஃப் பண்ணுங்கோ.

கேள்வி: பாட்டே போடாமல் சப்பில "ம்ம்ம்" எண்டு ஒரு இரைச்சல். பழுதா? (தெஹிவளை)

பதில்: எங்கட கரண்ட் 50 ஹேர்ட்ஸ், அந்த இரைச்சல் அதுதான். அம்ப் ஒரு பிளக்கில, சப் வேற பிளக்கில எண்டா எர்த் சுத்திக்கொண்டு வந்து இப்பிடிப் பாடும். ரெண்டையும் ஒரே பிளக்கில பூட்டிப் பாருங்கோ. நிக்காட்டி ரீவி டிஷ் வயரைக் கழட்டிப் பாருங்கோ, அனேகமா அதுவாத்தான் இருக்கும். ஆராவது எர்த் பின்னை வெட்டச் சொன்னா வெட்டாதேங்கோ, கரண்ட் அடிக்கும்.