புதிய பாய்லர், ஈரமான நீராவி: கோளாறு எங்கே இருக்கிறது?

கேள்வி: வீட்டைச் சூடாக்கும் பழைய நீராவி பாய்லரை எடுத்துவிட்டு மூன்று மாதங்களுக்கு முன் புதியதைப் பொருத்தினோம். அன்றிலிருந்து குழாய்களில் சம்மட்டியால் அடிப்பதுபோல் சத்தம் கேட்கிறது. நீர்மட்டக் கண்ணாடியில் தண்ணீர் மேலும் கீழும் குதிக்கிறது. கடைசி அறையின் ரேடியேட்டர் சூடாவதற்குள் பாய்லர் நின்றுவிடுகிறது. பாய்லரின் உச்சியிலிருந்து ஒரு செம்புக் குழாய் நேராக மேலேறிப் பழைய பிரதானக் குழாயில் சேர்கிறது. பாய்லரையே மாற்ற வேண்டுமா?

பதில்: மாற்ற வேண்டியதில்லை என்றே கருதுகிறேன். நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் குறிப்பிட்ட அந்தச் செம்புக் குழாய்தான் முதலில் சந்தேகத்துக்கு உரியது.

பழைய பாய்லர்களின் வயிற்றில் தண்ணீரும் அதிகம், நீராவி தங்குவதற்கான இடமும் அதிகம். ஆகவே ஆவியுடன் கிளம்பும் நீர்த்துளிகள் உள்ளேயே விழுந்துவிடும். இன்றைய பாய்லர்கள் சிறியவை, அவற்றின் வாய்களும் குறுகியவை என்பதால், வேகமாக வெளியேறும் ஆவி துளிகளையும் இழுத்துக்கொண்டு மேலே போகிறது. அந்தத் துளிகளைப் பிரித்தெடுக்கும் வேலை இப்போது பாய்லருக்கு மேலுள்ள குழாய்களின் தலையில் விழுந்திருக்கிறது. எனவே அவற்றைப் பாய்லரின் ஓர் உறுப்பாகவே கொள்ள வேண்டும்.

துளிகள் போனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். 0 பாகை நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவைப்படும் வெப்பத்தைப்போல் ஐந்து மடங்குக்கும் மேலான வெப்பம் அதை ஆவியாக்கத் தேவைப்படுகிறது. ரேடியேட்டரில் ஆவி மீண்டும் நீராகும்போது அறைக்குக் கிடைப்பது அந்த வெப்பம்தான். ஆவியாகாமலே கிளம்பிய துளியிடம் அது இல்லை. மாறாக, வழியிலுள்ள ஆவியை அது குளிரவைத்து, குழாயின் தாழ்ந்த இடங்களில் தேங்கி, பின்னால் வரும் ஆவியால் உந்தப்பட்டு வளைவுகளில் மோதுகிறது. நீங்கள் கேட்கும் அடி அதுவே. தண்ணீர் இப்படி வெளியேறுவதால் பாய்லரில் மட்டம் தாழ்ந்து, குறைநீர்ப் பாதுகாப்புக் கருவி அதை நிறுத்துவதும் நடக்கக்கூடியதே.

செலவில்லாத வேலையை முதலில் செய்துவிடுங்கள். குழாய்களில் மரை வெட்டும்போது பூசிய எண்ணெய் புதிய பாய்லரின் நீர்ப்பரப்பில் படலமாக மிதக்கும். அது இருக்கும்வரை தண்ணீர் பொங்கிக் குதிக்கும். அடியிலிருந்து தண்ணீரைத் திறந்துவிட்டால் இந்தப் படலம் போகாது. தண்ணீரைக் கொதிக்கவிடாமல் சூடாக்கி, பக்கவாட்டில் இதற்கென்றே உள்ள துளை வழியாகப் பென்சில் கனத்துக்கு மட்டும் வழியும்படி, புதுநீரை மிக மெதுவாக உள்ளே விட வேண்டும். இதற்குச் சில மணிநேரம் பிடிக்கும்; ஒரு முறையில் தீராவிட்டால் மறுபடியும் செய்யுங்கள். முடிந்ததும் ஒருமுறை கொதிக்கவைத்துப் புதுநீரிலுள்ள ஆக்சிஜனை வெளியேற்றிவிட வேண்டும், இல்லையேல் இரும்பு அரிக்கும்.

அதன்பின் குழாய். பாய்லரின் வாயிலிருந்து எழும் ரைசர்கள், நீர்மட்டத்துக்குக் குறைந்தது 24 அங்குல உயரத்தில் உள்ள ஹெட்டர் என்னும் கிடைக்குழாயில் சேர வேண்டும். ஹெட்டரை அகலமாக அமைக்கச் சொல்லுங்கள்: 2 அங்குலக் குழாய்க்குப் பதிலாக 3 அங்குலம் போட்டால் குழாயின் குறுக்குவெட்டுப் பரப்பு இரண்டு மடங்கைத் தாண்டுவதால், அதே ஆவி பாதிக்கும் குறைவான வேகத்தில் நகர்ந்து, துளிகளைக் கீழே நழுவவிடும். வரிசையும் முக்கியம்: முதலில் ரைசர்கள், அடுத்து வீட்டுக்குச் செல்லும் கிளைகள், கடைசியில் ஈக்வலைசர். இரண்டு ரைசர்களுக்கு நடுவே கிளை எடுத்தால், இருபுறமிருந்தும் வரும் ஆவி அங்கே மோதி, தண்ணீரையும் சேர்த்து மேலே தள்ளிவிடும்; நான் அதிகம் காணும் பிழை இதுதான்.

ஈக்வலைசர் என்பது ஹெட்டரின் கடைசியிலிருந்து கீழிறங்கும் குழாய். பிரிந்த நீரைப் பாய்லருக்குத் திருப்புவதோடு, பாய்லரின் ஆவி வெளியேறும் பக்கத்திலும் நீர் திரும்பும் பக்கத்திலும் உள்ள அழுத்தத்தைச் சமன்செய்கிறது. ஹெட்டரிலிருந்து அதற்கு அளவு குறைக்கும் இடம் செங்குத்தான பகுதியில் இருக்கட்டும். கிடைவாட்டில் சாதாரண ரெடியூசர் (அளவு குறைக்கும் இணைப்பு) போட்டால் அதன் அடியில் தண்ணீர் தேங்கும். ரேடியேட்டர்களில் குளிர்ந்த நீரைப் பாய்லருக்குக் கொண்டுவரும் திரும்புகுழாய் ஈக்வலைசருடன் இணையும் அமைப்பு ஹார்ட்ஃபோர்ட் லூப் எனப்படும். திரும்புகுழாயில் கசிவு ஏற்பட்டாலும் பாய்லர் வற்றாமல் காப்பது அது. அந்த இணைப்பு நீர்மட்டத்துக்கு 2 முதல் 4 அங்குலம் கீழே, மிகக் குட்டையான நிப்பிளால் (இரு முனையிலும் மரையிட்ட குழாய்த் துண்டால்) அமைய வேண்டும். நீளமானால் அங்கேயும் அடி கேட்கும்.

செம்பைக் கைவிடுங்கள். சூட்டில் அது எஃகைவிட அதிகம் விரிவதால், பற்றவைத்த இணைப்புகள் நாளடைவில் விட்டுக்கொடுக்கும். மரையிட்ட எஃகுக் குழாயில், ரைசர் ஒவ்வொன்றும் இரண்டு எல்போக்களின் (வளைவு இணைப்புகளின்) வழியாக ஹெட்டரைச் சேர்ந்தால், விரிவு வரும்போது மரை சற்றே திரும்பிக் கொடுத்து வார்ப்பிரும்புப் பாய்லரை நெருக்காமல் இருக்கும்.

அழுத்தத்தைக் கூட்டினால் ஆவி தொலைவுவரை போகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வீட்டுக்குச் சதுர அங்குலத்துக்கு 2 பவுண்டுக்குக் குறைவான அழுத்தமே போதும். 1 பவுண்டு கூடினாலே திரும்புகுழாயில் தண்ணீர் ஏறத்தாழ 28 அங்குலம் உயர்ந்து நிற்கும்.

வேலை முடிந்தபின் கண்ணாடியில் நீர்மட்டத்தின் அசைவு முக்கால் அங்குலத்துக்குள் அடங்க வேண்டும். உரிமம் பெற்ற குழாய்ப் பணியாளரை அழைக்கும் முன், பாய்லருடன் வந்த கையேட்டில் குழாய் அமைப்புப் படம் இருக்கும், அதை எடுத்து உங்கள் வீட்டுக் குழாயுடன் ஒப்பிடுங்கள். இரண்டும் பொருந்தாவிட்டால், பொருத்தியவரிடமே படத்தைக் காட்டித் திருத்தித் தரும்படி கேட்க உங்களுக்கு நியாயம் உண்டு.