அஞ்சலையின் மஞ்சள் துணி – கடிதம்

அன்புள்ள அக்கா,

'எட்டுப் பாகம்' படித்தேன். நான் 12ஆம் வகுப்பு. கதை பிடித்தது, ஆனால் அஞ்சலையைப் பிடிக்கவில்லை. 15 வயதில் அவளுக்கு எல்லாம் தெரிகிறது, எதைக் கேட்டாலும் டக்கென்று விடை சொல்கிறாள், ஒரு தடவைகூடத் தப்பு செய்வதில்லை. காலாண்டில் இயற்பியலில் 70க்கு 22 வாங்கிய எனக்கு அவளைப் பார்த்தால் கடுப்புதான் வருகிறது. இன்னொன்று. 6ஆம் அத்தியாயத்தில் மொட்டைமாடியில் மஞ்சள் தடவிய ஈரத்துணியைக் கட்டிவைத்து, காலையில் அது சிவந்திருப்பதைப் பார்த்து ராத்திரி அம்மோனியா கசிந்ததைக் கண்டுபிடிக்கிறாளே, அதை நானும் என் ஃபிரெண்டும் கெமிஸ்ட்ரி லேபில் செய்து பார்த்தோம். பாட்டில் வாய்க்கு மேலே காட்டினால் துணி சிவக்கிறது, சரி. எடுத்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் திரும்ப மஞ்சளாகிவிடுகிறது. அப்படியென்றால் காலையில் துணி மஞ்சளாகத்தானே இருக்கும்? அப்புறம், தம்பி கேட்கச் சொன்னான்: சயின்ஸ் ஃபிக்‌ஷன் என்றால் விண்கலம் எங்கே?

ர., தண்டையார்பேட்டை

அன்புள்ள ர.,

அக்கா என்று கூப்பிட்டுவிட்டாய், அதனால் நீ என்றே எழுதுகிறேன்.

துணி விஷயத்தில் நீ சொன்னதுதான் சரி, நான் எழுதியது தப்பு. அச்சுக்குப் போகும் முன் நாலு பேர் படித்தார்கள், அதில் ஒருவர் வேதியியல் பட்டதாரி, ஒருவரும் பிடிக்கவில்லை. எங்கே சறுக்கினேன் என்று யோசித்தால் ஆலம் கரைக்கிற தட்டு ஞாபகம் வருகிறது. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் தண்ணீர் சிவந்துபோகும், சுற்றி வாசலில் கொட்டினால் கோலத்தின் மேல் அந்தக் கறை வெகுநேரம் கிடக்கும், சின்ன வயதிலிருந்து பார்த்தது, அதையே அம்மோனியாவுக்கும் ஒட்டவைத்துவிட்டேன். மஞ்சளில் இருக்கிற குர்குமின் காரம் பட்டால் சிவக்கும் என்பது இரண்டுக்கும் பொதுதான். ஆனால் சுண்ணாம்பு போட்ட இடத்தில் உட்கார்ந்திருக்கும், அம்மோனியாவோ வாயு, துணியை விட்டுக் கிளம்பிவிடும், அது போனால் சிவப்பும் போச்சு.

அந்த அத்தியாயம் 2023 டிசம்பர் 26 ராத்திரியிலிருந்து வந்தது. கப்பலிலிருந்து உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுபோகிற கடலடிக் குழாய் கசிந்து, பெரியகுப்பம், எர்ணாவூர் பக்கத்து ஜனங்கள் கண் எரிய, மூச்சு முட்ட, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடிவந்தார்கள். அதே மாதம்தான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் கழிமுகத்தில் படகும் வலையும் கறுப்பாகிக் கிடந்தன. உனக்கும் ஞாபகம் இருக்கும். மூக்கு சொல்வதை யாரும் சாட்சியாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், அப்போது வீட்டில் இருக்கிற எது சாட்சி சொல்லும் என்றுதான் யோசித்துக்கொண்டே இருந்தேன். கதையில் 2071, காசு கட்டினவர்களுக்கு மட்டும் போனில் வாயு எச்சரிக்கை வரும், கட்டாதவர்கள் கேட்டால் ராத்திரி காற்று சுத்தமாகத்தான் இருந்தது என்பார்கள். அதனால் மஞ்சள் துணி.

இப்போது அடுத்த பதிப்புக்கு அதைத் திருப்பி எழுதியாக வேண்டும். காலையில் பார்த்தால் துணி மஞ்சள், கம்பெனிக்காரன் ஜெயித்துவிடுவான். அஞ்சலை தூங்காமல் உட்கார வேண்டும், துணி சிவந்திருக்கிற அந்தச் சில நிமிஷத்துக்குள் இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும். ஆயாவுக்குக் கண்ணில் புரை, மஞ்சளா சிவப்பா என்றே தெரியாது. பக்கத்து வீட்டுக்காரியைத்தான் எழுப்பணும், அவளோடு தண்ணி லாரி சண்டையில் ஆறு மாதமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. பார், நீ பிடித்த தப்பால் எனக்கு இரண்டு நல்ல பக்கம் கிடைத்துவிட்டது. (இது கொஞ்சம் வெட்கக்கேடு என்பதும் தெரிகிறது. லேபில் நின்றது நீங்கள், கதை எனக்கு.)

சரி, கடுப்புக்கு வருகிறேன். முதல் வரைவில் அஞ்சலை இன்னும் மோசம். அவளுக்கு ஒரு விஞ்ஞானி மாமா இருந்தார், அவர் விட்டுப்போன நோட்டுப் புத்தகம் இருந்தது, தேவைப்பட்ட விடையெல்லாம் அதிலிருந்து வந்து விழும். காசிமேட்டில் வலை பின்னுகிற ஒரு தோழியிடம் படித்துக் காட்டினேன். ரொம்பப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "யார்மா இந்தப் பொண்ணு, மைலாப்பூரா?" என்றாள். மாமாவை அன்றைக்கே தூக்கிவிட்டேன்.

அதற்கப்புறம் எழுதிய வரைவில் அவள் மூன்று இடத்தில் தப்பு செய்தாள். பெரிய தப்பு மணல் விஷயத்தில். ராயபுரம் கரையில் ஒரு காலத்தில் வலை உலர்த்துகிற அளவுக்கு மணல் கிடந்தது என்று ஆயா சொல்வாள், இப்போது கல்லுதான் கொட்டிக் கிடக்கிறது, அப்போ மணலை லாரிக்காரர்கள்தான் திருடியிருக்கிறார்கள் என்று முடிவுகட்டி 11 பக்கம் லாரி பின்னாலேயே அலைவாள். அப்புறம் ஒரு பெரியவரோடு படகில் போவாள். இவரை நான் நிஜமாகவே பார்த்திருக்கிறேன், கட்டுமரம் ஓட்டிய காலத்து ஆள். படகு ஓரமாகக் குனிந்து தண்ணியில் துப்பினார், அது எந்தப் பக்கம் நகர்கிறது என்று கொஞ்ச நேரம் பார்த்தார், "தெண்டி ஓடுது" என்றார். தெற்கிலிருந்து வடக்கே ஓடினால் தெண்டி, வடக்கிலிருந்து தெற்கே என்றால் வன்னி. இந்தக் கரையில் வருஷக் கணக்குப் போட்டால் வடக்கே போகிற மணல்தான் அதிகம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகத்துக்குக் கடலுக்குள் சுவர் கட்டினார்கள், வடக்கே போகவேண்டிய மணல் சுவருக்குத் தெற்கே தேங்கிவிட்டது. மெரினா அகலமானதும் நம் கரை தேய்ந்ததும் ஒரே கணக்கு. லாரிக்காரன் திருடவில்லை, நம்ம மணல்மேல்தான் அங்கே சுண்டல் விற்கிறார்கள் என்று அஞ்சலைக்குப் புரிகிற இடம் எழுதும்போது எனக்கே உடம்பு சிலிர்த்தது.

இப்போது புத்தகத்தில் என்ன இருக்கிறது? பெரியவர் இல்லை, லாரி இல்லை. மேப்பைப் பார்க்கிறாள், விடை சொல்கிறாள், ஒன்றரைப் பக்கம். கதை நிற்கிறது, 40 பக்கம் குறையுங்கள் என்றார்கள், நான் முதலில் வெட்டியது அவள் தப்பு செய்த மூன்று இடங்களைத்தான். அவள் தப்பு செய்து, மறுபடி போய்ப் பார்த்து, எரிச்சல்பட்டு, யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டதை வெட்டிவிட்டு விடையை மட்டும் வைத்தால், அங்கே கெட்டிக்காரத்தனம் காட்டுவது நான், அவள் வெறுமனே வாயசைக்கிறாள். உனக்குக் கடுப்பு வந்ததில் தப்பே இல்லை. 22 மார்க்கைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை, என் ப்ளஸ் டூ கணக்கு மார்க் அதைவிடக் கேவலம்.

தம்பிக்கு: விண்கலம் இருக்கிறது, 9ஆம் அத்தியாயத்தில், மொட்டைமாடியிலிருந்து. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடுகிற அன்றைக்குப் பழவேற்காட்டுக்காரர்கள் கடலுக்குப் போகக்கூடாது என்று முன்னாலேயே சொல்லிவிடுவார்கள். நம்ம பக்கத்து விண்வெளிக் கதையை அங்கிருந்து தொடங்காமல் வேறெங்கே தொடங்குவது? அப்புறம், 'எட்டுப் பாகம்' என்பது ஆழம், கை விரித்து அளக்கிற பாகம். ஒரு நூலகத்தில் முதல் ஏழு பாகம் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள், அவனும் தேடப்போகிறான்.

ஒன்று நீ எழுதவில்லை. துணி திரும்ப மஞ்சளாக எத்தனை நிமிஷம் ஆனது? நனைந்த துணிக்கும் காய்ந்த துணிக்கும் வித்தியாசம் இருந்ததா? அஞ்சலை எத்தனை நிமிஷத்துக்குள் அந்தப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டவேண்டும் என்பது அதில்தான் இருக்கிறது. டீச்சரிடம் சொல்லிவிட்டு, ஜன்னலைத் திறந்துவைத்து, பாட்டிலில் மூக்கை நீட்டாமல் இன்னொரு தடவை பார்த்து எழுது. பதிப்பாளரிடம் பொங்கல் வரைக்கும் நேரம் கேட்டிருக்கிறேன்.