கால் ஆஃப் கதுலு விளையாட்டு, லவ்கிராஃப்ட் கதைகளுக்கு எவ்வளவு உண்மையாக இருக்கிறது?
ஈரோட்டுல நண்பர்களோட ஆடப்போறதா எழுதியிருக்கீங்க. ஆளுக்கொரு பாத்திரமா மாறி, மேசையைச் சுத்தி உட்கார்ந்து பேசியே ஆடற கதை விளையாட்டு இது; அமெரிக்கத் திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்டோட கதைகள்தான் அடிப்படை. பயத்தைப் பொறுத்தவரை ரொம்பவே உண்மையா இருக்குதுங்க. 1981-ல் சாண்டி பீட்டர்சன் எழுதிய விதிகள்ல மனத்தெளிவுக்கும் புள்ளிக்கணக்கு உண்டு. பயங்கரத்தைப் பார்த்தா குறையும். அதைவிட நுட்பம் ஒண்ணு இருக்கு: கதுலு மர்மங்களை, அதாவது அந்தக் கதைகள்ல வர்ற பயங்கரத் தெய்வங்களைப் பத்தின அறிவு எத்தனை புள்ளி ஏறுதோ, மனத்தெளிவோட உச்சவரம்பு 99-லிருந்து அத்தனை இறங்கிடும். தெரிஞ்சுக்கறதே கேடுங்கற லவ்கிராஃப்டோட எண்ணம் அப்படியே விதியாயிடுச்சு. இது பெரிய சாதனைன்னே நினைக்கிறேன்.

ஆட்கள் விஷயத்துலதான் விலகுது. கதைகள்ல பெரும்பாலும் ஒருத்தர் தனியா மாட்டிக்குவார். இங்கே நாலஞ்சு பேர் சேர்ந்து துப்பறியணும். அந்தத் தனிமை கரைஞ்சுடுது.

அண்ணன்மார் கதையை உடுக்கடிப் பாட்டா கேட்கிறவங்களுக்குப் பொன்னர், சங்கர் முடிவு முன்னாடியே தெரியும். இருந்தும் படுகளம் வரைக்கும் கூடவே போவாங்க. தோத்தாலும் பரவாயில்லைன்னு அந்த மனசோட உட்காருங்க; பாத்திரம் செத்தா புதுசா ஒண்ணு எழுதிக்கலாம்.